ரோமில் நாங்கள் விட்டவை

மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சாமி படங்கள் அல்ல, ஒரு புகைப்படம். ரோம் நகரத்தில் எடுத்தது. பெரிய நீரூற்று ஒன்றின் கல் விளிம்பில் சித்தி ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். பெரியம்மா குனிந்து அவள் கால்விரலில் மெட்டி போட்டுவிடுகிறாள். பின்னால் வெள்ளைக்காரர்கள் ஒரு இருபது பேர் கைதட்டுகிறார்கள். ஓரத்தில், தோள்வரை நனைந்த ஸ்வெட்டரோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும் பத்து வயதுப் பெண் நான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியம்மா அந்தப் படத்தைக் காட்டிக் கதை சொல்லிவிடுவாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூடச் சொல்லியிருக்கிறாள். தங்கை தண்ணீரில் மெட்டியைத் தவறவிட்டதும், கெட்டிக்காரக் குழந்தை கையை விட்டு அதை எடுத்துக் கொடுத்ததும், போலீஸ்காரியே மனம் இளகிப்போனதும், ஊர் பேர் தெரியாத ஜனங்கள் கைதட்டியதும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கதையில் இரண்டே இரண்டு இடங்கள்தான் தப்பு. சித்தி மெட்டியைத் தவறவிடவில்லை. நான் தண்ணீரில் கையை விட்டது அதை எடுப்பதற்காகவும் இல்லை.

பெரியம்மா பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள். முப்பது வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு வருஷமும் ரோமாபுரியைக் கரும்பலகையில் கட்டியெழுப்பி, மணி அடித்ததும் டஸ்டரால் துடைத்திருக்கிறாள். ரிடையர் ஆன முதல் வருஷம் பெரியப்பாவோடு காசிக்குப் போனாள். அடுத்த வருஷம், இத்தனை நாள் பாடம் நடத்திய ஊரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை என்றுவிட்டார். அதனால் தங்கைகள் இருவரையும் சேர்த்துக்கொண்டாள். நடுத் தங்கை என் அம்மா. கடைக்குட்டி சித்தி. எனக்கு முழுப் பரீட்சை லீவு. விட்டுவிட்டுப் போனால் வீட்டை இரண்டாக்கிவிடுவேன் என்பதால் நானும் பட்டியலில் இடம் பிடித்தேன்.

சித்தி அப்போது எங்கள் வீட்டு மாடியில் இருந்தாள். நந்தனத்தில் ஒரு ஆபீசில் வேலை. சித்தப்பா மஸ்கட்டில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் கடைசியாக வந்தபோது எனக்கு ஐந்து வயது. பேட்டரி போட்டால் குரைக்கிற நாய் பொம்மை வாங்கிவந்தார். பேட்டரி தீர்ந்து, நாயின் ஒரு காதும் பிய்ந்துபோன பிறகும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று தக்காளி விலைக்கு மாறிவிடும். அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் சித்தி, இனிமேல் காத்திருக்க முடியாது, வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பெரியம்மா, முதலில் ரோமுக்குப் போய்விட்டு வருவோம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறாள். பத்து நாள் ஊர் மாறினால் தங்கையின் மனசும் மாறிவிடும் என்று நம்பினாள். இதெல்லாம் பிற்பாடு துண்டு துண்டாக என் காதுக்கு வந்தவை. அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே மனக்குறை, விமானத்தில் ஜன்னல் சீட்டைச் சித்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான்.

கிளம்புவதற்கு முன்னால் தி. நகரில் சாக்ஸ் வாங்கப் போனோம். சென்னையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் கட்டைவிரலுக்குத் தனிப் பை வைத்த சாக்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர், ஒரே வீட்டுப் பெண்கள் மூன்று பேர் அந்த வெயிலில் ஆளுக்கு ஆறு ஜோடி கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, ஊட்டிக்கா கொடைக்கானலுக்கா?"

"ரோமுக்கு" என்றாள் பெரியம்மா, வகுப்பில் பதில் சொல்லும் மிடுக்கோடு.

"அது எங்க கீது? மணாலி பக்கமா?"

பெரியம்மா ஐரோப்பாவை ஆரம்பித்துவிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க இருந்தா இன்னாம்மா, குளிர் ஒண்ணுதானே" என்று சொல்லி, ஒரு ஜோடியை இனாமாகச் சேர்த்துப் போட்டார். அந்த மனிதருக்கு வரலாற்று அறிவு இல்லை, ஆனால் விஷயம் தெரிந்தவர் என்று வழியெல்லாம் பெரியம்மா சிலாகித்தாள்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. சாக்ஸின் நூல் மெட்டியில் மாட்டிக்கொண்டு இழுத்தது. அம்மாவும் பெரியம்மாவும் மெட்டியின் மேல் வெள்ளை நூலைச் சுற்றிச் சமாளித்தார்கள். சித்தி, தான் மெட்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அம்மா நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"சாக்ஸ் கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போறது" என்றாள் பெரியம்மா. சித்தி மெட்டியைக் கழற்றவில்லை, நூலும் சுற்றிக்கொள்ளவில்லை. ரோமில் இரண்டாம் நாளே அவள் சாக்ஸில் இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன.

ரோமைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. நான் பார்த்தது பெரும்பாலும் பெரியம்மாவின் முதுகு. எங்கேயாவது ஒரு வழிகாட்டி தன் கூட்டத்துக்கு எதையாவது விளக்கிக்கொண்டிருந்தால் பெரியம்மா போய் ஓரமாக நின்று கேட்பாள். இரண்டு நிமிஷத்தில் தலையை ஆட்டிவிட்டு எங்களிடம் வந்து, அவன் சொன்னதில் எங்கே கோட்டை விட்டான் என்று சொல்வாள். இடிந்த அரண்மனைகளும் தூண்களும் அவளுக்குத் திருப்தியாக இருந்தன. குளங்களில்தான் குறை கண்டாள். நம் கோயில் தெப்பக்குளத்தோடு ஒப்பிட்டால் இவர்களுக்குத் தண்ணீரைக் கட்டி வைக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் பீய்ச்சி வீணடிக்கிறார்கள் என்றாள்.

எனக்கு அந்த ஊரில் பிடித்தது ஐஸ்கிரீம் கடைகள். நாலு கடைக்கு ஒன்று ஐஸ்கிரீம் கடை. கண்ணாடிக்குப் பின்னால் மலை மலையாகக் குவித்து, மேலே பழத்தைச் செருகி வைத்திருந்தார்கள். சளி பிடிக்கும் என்பதால் அம்மா ஒரு நாளைக்கு ஒன்று என்று சட்டம் போட்டிருந்தாள். காலையில் கண் விழித்ததிலிருந்து அந்த ஒன்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள் காலை அந்த நீரூற்றுக்குப் போனோம். சிலைகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கொட்டி, ஒரு பெரிய தொட்டி நிறைய நீலமாகத் தேங்கி நின்றது. சுற்றிலும் ஜனம். ஒவ்வொருவராகத் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, தோளுக்கு மேலாக ஒரு காசைப் பின்பக்கம் எறிந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா இதைச் சிறிது நேரம் கூர்ந்து பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"காசியில பண்றதைத்தான் இவாளும் பண்றா" என்றாள்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழம் என்று எதையாவது கங்கையில் விட்டுவிட்டு வருவது வழக்கம். விட்டதை ஆயுசுக்கும் தொடக் கூடாது. விவரமானவர்கள் தங்களுக்குப் பிடிக்காத காயாகப் பார்த்து விடுவார்கள். பெரியம்மா நேர்மையானவள். உயிருக்கு உயிரான கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் சமையலறையில் கத்தரிக்காய் நுழையவில்லை. எதையும் விடாத பெரியப்பாவும் எண்ணெய்க் கத்தரிக்காயை இழந்தார்.

அம்மா, யாரையாவது கேட்டுவிடலாமே என்றாள். பெரியம்மாவுக்கு அது அவமானமாகப் பட்டது. முப்பது வருஷம் ரோம் எடுத்தவள், ரோமுக்கு வந்து வழியில் போகிறவனைக் கேட்பதா? பழைய ஊர் என்றால் எல்லாம் ஒன்றுதான், விட்டதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இதுகூடவா விளங்கவில்லை என்றாள். கேட்டால் சரியாகத்தான் இருந்தது. நாங்களும் விட வேண்டும் என்று முடிவாயிற்று. யூரோவைத் தண்ணீரில் போட நமக்கு என்ன பைத்தியமா என்று சொல்லி, கைப்பையிலிருந்து நம் ஊர் ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள்.

என்ன விடுகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னால் யாரும் தெரியாமல் பரிமாறிவிடக் கூடாதல்லவா? பெரியம்மா முதலில் போய் அப்பளத்தை விட்டாள். அம்மா மத்தியானக் காபியை விட்டாள். திரும்பி வரும்போது விமானத்தில் கொடுத்ததை மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு கப் குடித்துவிட்டு, அது காபியே இல்லை என்று வாதாடியது வேறு கதை. என் முறை வந்தது. நான் தயாராக இருந்தேன்.

"பாகற்காய்" என்றேன்.

"பிடிச்சதை விடணும்டி" என்றாள் பெரியம்மா. "பிடிக்காததை விடறதுக்கு யாராவது இவ்வளவு தூரம் வருவாளா?"

அப்போதுதான் சித்தி, அதுவரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பிக் கேட்டாள். "பிடிச்சுதா பிடிக்கலையான்னே தெரியாததை விடலாமா அக்கா?"

பெரியம்மா யோசித்தாள். "புடலங்காயைச் சொல்றியா?"

சித்தி சிரித்தாள். "ஆமா, அந்த மாதிரிதான்."

அது செல்லாது என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடியும் என் பக்கம் வந்தாள். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐஸ்கிரீமை விடுகிறேன் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ரூபாயை எறிந்தேன். சொன்ன அடுத்த நொடியே வந்த அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுகூட மறந்துபோயிற்று. என் பலத்துக்கு அது எங்கே தூரம் போகும்? விளிம்பிலிருந்து ஒரு கை தூரத்தில்தான் கிடந்தது. யூரோக்கள் எல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கிடந்த இடத்தில் என் ரூபாய் மட்டும் எவர்சில்வர் மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

கடைசியில் சித்தி போனாள். அவள் நின்றுகொண்டு எறியவில்லை. கல் விளிம்பில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சாக்ஸுக்குள் கல் புகுந்துவிட்டது என்று சொல்லி இரண்டு சாக்ஸையும் கழற்றி உதறினாள். நிதானமாகத் திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களைப் பிரித்தாள். நான் என் ரூபாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறெதையும் கவனிக்கவில்லை.

என்ன விட்டாய் என்று பெரியம்மா கேட்டதற்கு, மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன் என்றாள். அது முறையில்லை என்று பெரியம்மா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் ஒரு மூன்று மணி நேரம் எங்களோடு இருந்தது நான் அறிந்த சித்தி இல்லை. அவள் முன்னால் நடந்தாள். எங்கள் வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறவள், தெருவில் பாடிப் பிழைக்கிறவன் முன்னால் நின்று தாளம் போட்டாள். ஒரு கடைக்குள் நுழைந்து, யாரையும் கேட்காமல், ரத்தச் சிவப்பில் ஒரு ஸ்கார்ஃப் வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். உனக்கு என்னடி ஆச்சு என்று அம்மா கேட்டதற்கு, இந்த ஊர் வெயில் நன்றாக இருக்கிறது என்றாள். பெரியம்மா அம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், நான் சொன்னேன் பார்த்தாயா என்பது போல. ஊர் மாறியதில் தங்கை மனசு மாறிவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அது சரிதான், அவள் நினைத்த பக்கம் மாறவில்லை என்பதைத் தவிர.

எனக்கோ அன்றைக்கு ரோம் நரகமாகிவிட்டது. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஐஸ்கிரீம் கடை. பதினொன்று வரைக்கும் எண்ணினேன். பதினொன்றாவது கடை வாசலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தி. நகரில் வாங்கிய ஷூ பற்றவில்லை என்றால், பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்தால் மாற்றிக்கொடுக்கிறார்கள் அல்லவா? போட்ட ரூபாயைத் திரும்ப எடுத்துவிட்டால் விட்டதும் விடாததாகிவிடும். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கொஞ்ச நாள் கழித்து, எனக்கும் கடவுளுக்கும் சமாதானமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மத்தியானம் அதே வழியாகத்தான் திரும்பினோம். எல்லோருக்கும் கால் வலி. நீரூற்றுக்கு எதிரே படிகளில் உட்கார்ந்து பெரியம்மா தயிர்சாத டப்பாவைத் திறந்தாள். நான் மீன் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அந்தத் தண்ணீரில் மீன் கிடையாது. ஆனால் தயிர்சாதத்தின் முன்னால் யாரும் அதை யோசிக்கவில்லை.

விளிம்பில் வயிற்றைப் பதித்துக் குனிந்தேன். என் ரூபாய் காலையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்குப் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல், இரண்டு வெள்ளி வளையங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று முத்து வைத்த வேலைப்பாடு. எனக்கு அவற்றை நன்றாகத் தெரியும். மாடியில் சித்தி படுத்துக்கொண்டு கதை சொல்லும்போது அவள் காலடியில் உட்கார்ந்து அவற்றைச் சுற்றிச் சுற்றி விளையாடுவது என் வழக்கம். இது எப்படி இங்கே என்று ஒரு நொடி திகைத்தேன். ஒரு நொடிதான். எனக்கு வேண்டியது ரூபாய். தோள்வரைக்கும் கையை விட்டேன். தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. கண்ணுக்கு அருகில் தெரிந்த ரூபாய் கைக்கு எட்டாமல் ஆட்டம் காட்டியது. எட்டிப் பிடித்த சமயம் பின்னால் விசில் அலறியது. அகப்பட்டதைப் பொத்திக்கொண்டு கையை எடுத்தேன்.

எனக்கு முன்னால் ஒரு போலீஸ்காரி நின்றாள். இளவயதுக்காரி. சுவரிலிருந்த தடை அறிவிப்புப் பலகையைக் காட்டி, என் பொத்திய கையைக் காட்டி, திற என்றாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அம்மா ஓடிவந்தாள். பெரியம்மா ஒரு கையில் தயிர்சாத டப்பாவோடு வந்தாள். சித்தியும் வந்தாள். நான் விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கையில் ரூபாய் இல்லை. ஒரு மெட்டி இருந்தது.

ரூபாயாக இருந்திருந்தால் அன்றைக்கு என் மானம் போயிருக்கும். திருட்டு, வாக்குத் தவறியது, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்திருக்கும். கையில் மெட்டியைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்தது. பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது போல ஒரு வசனம் வாயில் வந்துவிட்டது.

"சித்தியோட மெட்டி தண்ணியில விழுந்து கிடந்துது. எடுத்துக் குடுக்கலாம்னு பாத்தேன்."

பெரியம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தியின் முகத்திலிருந்து அந்த மூன்று மணி நேரமும் வடிந்துபோவதை நான் பார்த்தேன். பார்த்தேன், ஆனால் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது என்னோடது இல்லை" என்றாள் சித்தி.

பெரியவர்கள் மறுத்தால் குழந்தைகள் பேசாமல் இருக்க வேண்டும். எனக்கோ என் பொய் உடைந்துவிடுமே என்ற கவலை. "உன்னோடதுதான் சித்தி, மூணு முத்து இருக்கு பாரு" என்று சொல்லி, மண்டியிட்டு, அவள் செருப்பையும் சாக்ஸையும் நானே இழுத்துக் கழற்றினேன். இரண்டாவது விரலில், மெட்டி இருந்த இடம் மட்டும் வெளுத்து வளையமாகத் தெரிந்தது.

பெரியம்மா அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்தாள். இத்தனை வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்தவள் அவள். அவளுக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். நிமிர்ந்து, தெளிவான வகுப்பறை ஆங்கிலத்தில், இது என் தங்கையின் கல்யாண மோதிரம், எங்கள் ஊரில் காலில் அணிவோம், காலையில் தவறி விழுந்துவிட்டது, குழந்தை கண்டுபிடித்துவிட்டாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கல்யாண மோதிரம் என்ற வார்த்தை கூட்டத்தில் ஒவ்வொரு பாஷையாக மாறிக்கொண்டு போயிற்று. போலீஸ்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பெரியம்மா டப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தங்கையின் காலை எடுத்துக் கல் விளிம்பின் மேல் வைத்தாள். கல்யாணத்தில் அம்மி மேல் வைப்பார்களே, அதே மாதிரி. குனிந்து மெட்டியை விரலில் ஏற்றினாள். யாரோ ஒருவர் எங்கள் காமிராவை அம்மாவிடமிருந்து வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படம்தான் ஹாலில் மாட்டியிருப்பது.

இன்னொரு மெட்டியையும் தேடலாம் என்று பெரியம்மா சொன்னாள். தண்ணீரில் மறுபடி கை வைக்கக் கூடாது என்று போலீஸ்காரி வருத்தத்தோடு சொல்லிவிட்டாள். போகும்போது ஒரு விஷயத்தையும் சொன்னாள். இங்கே காசு போட்டால் மறுபடியும் இந்த ஊருக்குத் திரும்பி வருவார்கள், அதற்காகத்தான் எல்லோரும் போடுகிறார்கள் என்றாள். அவள் நகர்ந்த பிறகு, சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்றாள் பெரியம்மா. ஆனால் என் காதில் விழ வேண்டியது விழுந்துவிட்டது. நான் எதையும் விடவில்லை. சட்டப்படி ஐஸ்கிரீம் என்னுடையது.

சென்னைக்கு வந்ததும் பெரியம்மா சித்தியை மாட வீதியில் ஒரு வெள்ளிக் கடைக்கு அழைத்துப்போய், அதே மூன்று முத்து வேலைப்பாட்டில் இன்னொன்றைச் செய்யச் சொல்லி ஜோடி சேர்த்தாள். வக்கீல் பேச்சு வரும்போதெல்லாம் அந்த மெட்டியைச் சொன்னாள். கடல் தாண்டிப் போய்த் தண்ணீரில் விழுந்ததே திரும்பி வந்திருக்கிறது, அவனும் வருவான் என்றாள். உறவுக்காரர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். இருபது வெள்ளைக்காரர்கள் கைதட்டிய பிறகு சித்தி என்ன சொல்ல முடியும்? அவள் வக்கீலைப் பார்க்க இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஆறு வருஷமும் அவள் மாடிக் கதவு சாத்தியே இருந்தது. சித்தப்பா வரவில்லை.

இப்போது சித்தி அடையாறில் தனியாக இருக்கிறாள். கால்விரல்கள் வெறுமையாக, நன்றாக இருக்கிறாள். வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் நான் அவள் வீட்டுக்குப் போய், கண்ணும் மூக்கும் ஒழுக, அன்றைக்கு ரூபாயைத் தேடியதைச் சொல்லிவிட்டேன். எனக்கு அப்பவே தெரியும் என்றாள். கழுத்தில் இருந்ததைக் கழற்ற அவளுக்கு அப்போது தைரியம் இல்லையாம். சாக்ஸுக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள், ஊருக்குத் திரும்புவதற்குள் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தாளாம். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது மெட்டியை ஏற்றிய நேரம் அல்ல, அதற்கு அடுத்த கால் மணி நேரம். எனக்குப் பரிசு தர வேண்டும் என்று பெரியம்மா அறிவித்தாள். நான் தயங்காமல் ஐஸ்கிரீம் கேட்டேன். விட்டதாயிற்றே என்று இழுத்த பெரியம்மா, இன்றைக்கு மட்டும் விலக்கு என்று தீர்ப்பை மாற்றினாள். அம்மாவும் பெரியம்மாவும் தயிர்சாதத்தை முடிக்கப் போக, சித்திதான் என்னை மூலைக் கடைக்கு அழைத்துப்போனாள். இரண்டு உருண்டை வைத்து வாங்கிக் கொடுத்தாள். ஒன்று பிஸ்தா, ஒன்று சாக்லேட். கடை வாசல் படியில் உட்கார்ந்து தின்றேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். ரோமிலேயே இதுதான் பெஸ்ட் என்றேன்.

சித்தி சாக்ஸைத் திரும்பப் போடவில்லை, மற்றக் காலிலிருந்ததையும் கழற்றியிருந்தாள். ஒரு காலில் மெட்டியோடும் ஒரு காலில் ஒன்றும் இல்லாமலும் உட்கார்ந்திருந்தாள். சிறிது நேரம் கழித்து, "இன்னொண்ணைப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேனே. அது பக்கத்துலயேதான் கிடக்கு."

"ஆழமா?"

"இல்லை சித்தி, கைக்கு எட்டறது. அதுக்குள்ள விசில் அடிச்சுட்டா."

சித்தி தலையை ஆட்டினாள். கழுத்திலிருந்த சிவப்பு ஸ்கார்ஃபை உருவி என் முகவாயில் வழிந்த பிஸ்தாவைத் துடைத்தாள். புது ஸ்கார்ஃப், கறையாகிவிடும் என்று நான் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதே துணியால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஒரு மெட்டி போனதற்கா இவ்வளவு அழுகை என்று எனக்குப் பாவமாக இருந்தது. வயிறு நிறைந்திருந்ததால் மனசும் தாராளமாகிவிட்டது. அவள் தோளில் ஒட்டுகிற கையை வைத்து, "அழாதே சித்தி, நாளைக்குக் கார்த்தால போலீஸ் வரதுக்கு முன்னாடியே வந்து அதையும் எடுத்துத் தரேன்" என்று சத்தியம் செய்தேன்.